லாக்டோமீட்டரில் எட்டு

முப்பத்தெட்டில் மிதந்து நின்றது.
பாலில் இந்த எண்ணைப்
பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லை.
பவுடர் கலந்திருக்கிறீர்கள் என்று
கேனைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பால் இல்லை இது.
முளைகட்டிய பார்லியை மாடியில் உலர்த்தி
ரவைக்கும் பெரிதாக உடைத்து
வெந்நீரில் ஒரு மணி நேரம் கம்பளி போர்த்திவைத்து
வடித்த தண்ணீர்.
அடுப்பில் கொதித்தபோது தெருவே ஹார்லிக்ஸ் மணந்தது.
யாருக்கு உடம்பு சரியில்லை என்று
மூன்று பேர் விசாரித்துப் போனார்கள்.

யோசனை லாலிச்சனுடையது.
புனலூரிலிருந்து டேங்கர் கொண்டுவருகிறவன்.
கணவாய் ஏறி இறங்கும் வண்டியில்
ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்து
ஒரு பொட்டலம் ஹாப்ஸ் தந்தான்.
மாட்டுத் தீவன வில்லையைச் சுண்டு விரலுக்குச் செய்தது மாதிரி.
ஈஸ்ட், ஷாம்பு பாக்கெட் அளவுதான்.
"பாக்கி உங்க ஊர்ல காய்க்குமே சேச்சி" என்றான்.

புளியங்குடி மண்டியில் பூலித்துரை கேட்டார்:
ஊறுகாய்க்கா, சர்பத்துக்கா, கோயிலுக்கா?
தோலுக்கு என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு
சாறு வற்றிய பழமாகப் பொறுக்கி
காசு வாங்காமல் பையில் போட்டார்.

மஞ்சள் மட்டும் வரவேண்டும்.
அடியில் இருக்கும் வெள்ளை கசக்கும்.
காரட் துருவியில் நாற்பது பழம்.
என் விரல் முட்டியும் கொஞ்சம்
அதில் போயிருக்கும்.

பிறகு தண்ணீர் கேனுக்குள் எல்லாம்.
மாட்டு டாக்டர் தூக்கிப்போட்ட குளுக்கோஸ் குழாயை
சொசைட்டி சோடாவில் இரண்டு தரம் அலசி
மூடியில் சொருகி
மறுமுனையைச் செம்பில் முக்கினேன்.
விடியும் முன் ஒரு குமிழி.
பிறகு ஒன்று.
பிறகு ஓயாத பேச்சு.

ஈஸ்டுக்கு இருபது டிகிரி வேண்டுமாம்.
எனக்கும்தான்.
சித்திரையில் செங்கோட்டை முப்பத்தேழு.
ஈரச் சாக்கு, டேபிள் ஃபேன்,
குளிரூட்டும் நிலையத்துப் பனிக்கட்டி இரண்டு வாளி.
கரண்ட் போன மத்தியானங்களில்
புத்தகத்தை மடக்கி விசிறிக்கொண்டிருந்தேன்,
என்னை இல்லை.

பத்தாம் நாள் எட்டு.
பாலில் எட்டென்றால் அது குளத்துத் தண்ணீர்.
ஆளையே ரெஜிஸ்டரில் அடித்திருப்பேன்.
இங்கே எட்டைப் பார்த்து
அடுக்களையில் தனியாகக் கைதட்டினேன்.

பன்னீர் சோடா பாட்டில்கள்,
ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன் சீனி.
ஒன்றில் இரண்டு தரம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது.
நாலாம் ராத்திரி ரெண்டு மணிக்கு
கட்டிலுக்கு அடியில் அது வெடித்தது.

டார்ச்சோடு வந்து நின்றாள் செண்பகக்கனி.
பக்கத்து வீடு. மதுவிலக்கில் ஏட்டு.
புளியரை செக்போஸ்டில்
கொல்லத்து பஸ்ஸின் சீட்டுக்கு அடியிலெல்லாம்
கையை விட்டுப் பார்க்கிறவள்.
"என்ன சத்தம்?"
குக்கர் என்றேன்.
டார்ச் வெளிச்சம் தரையில் ஊர்ந்தது.
கண்ணாடிச் சில், நுரை,
கட்டில் காலில் ஒட்டிய எலுமிச்சைத் துருவல்.
மூச்சை ஒருமுறை இழுத்தாள்.
"வெறுங்காலோட நடக்காதிய" என்று சொல்லிவிட்டு
வெளிச்சத்தை அணைத்துப் போனாள்.

அன்று முழுக்க
ஃபேட் டெஸ்டில் தப்புத் தப்பாக எழுதினேன்.
மீதி பதினெட்டு பாட்டிலையும்
சாக்கடையில் கொட்டுவதென்று முடிவெடுத்தேன்.
கொட்டவில்லை.

சாயங்காலம் ஆரியங்காவுப் பக்கமிருந்து
வருஷத்தின் முதல் சாரல்.
சாக்கு தானாகவே நனைந்தது.

எங்கள் ரெண்டு வீட்டுக்கும் நடுவே காம்பவுண்டுச் சுவர்.
தினமும் அதில் அவள் செம்பு வைப்பாள்,
நான் அரை லிட்டர் பால் ஊற்றுவேன்.
இன்றைக்குச் செம்பைக் காணோம்.
கழுவிக் கவிழ்த்த
கண்ணாடி டம்ளர் ஒன்று.

செம்பு ஒடுங்கியிருக்கலாம்.
விருந்தாளிக்கு எடுத்திருக்கலாம்.
உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது, டிவி ஓடுகிறது.
தூக்குவாளி வலது கையில்.
இடது கையில்
முந்தானைக்குள் மறைத்த பாட்டில்,
குளிர்ந்து வேர்த்திருக்கிறது.

டம்ளரை நிமிர்த்தி வைத்தேன்.
சாரல் விழுந்து
அடியில் ஒரு சொட்டு சேர்ந்தது.