மெஷின் துப்பிய காசு

டொலீடோவில் ஜனவரி.
ஏரிக்காற்று கடைக் கதவைத் திறக்கும்,
ஆள் யாரும் உள்ளே வரமாட்டார்கள்.
காசு போட்டால் துவைக்கும் பன்னிரண்டு மெஷின்கள்.
ராத்திரிப் பொறுப்பு நான்.

எமெட் காஸ்பர் வியாழக்கிழமை ஆள்.
கண்ணாடித் தொழிற்சாலைச் சட்டைகள் ஐந்து, ஒரு போர்வை.
அன்று ஏழாம் நம்பர் மெஷின்
பதின்மூன்று கால் டாலர்களை விழுங்கியது.
பதினாலாவதைத் துப்பியது.
மறுபடி போட்டார். துப்பியது.
சட்டையில் துடைத்துப் போட்டார்.
துப்பியது.
"இதற்கு என் காசு பிடிக்கவில்லை" என்றார்.
என் பையிலிருந்து வேறொன்று எடுத்துக் கொடுத்தேன்.
செல்லாக்காசு என் உள்ளங்கைக்கு வந்தது.
தண்ணீர் நிறையும் சத்தம்.
கணக்கு முடிந்தது.

ஒன்பது வருஷமாகக் காசு புரட்டுகிறேன்.
கடை முதலாளியின் வசூலை வங்கிக்கு உருட்டி அடுக்குமுன்
ஒவ்வொன்றாக, விளக்கடியில்,
பூ, தலை, விளிம்பு.
லாரி ஏறி நசுங்கியது பிழை இல்லை, விபத்து.
யாரோ துளைபோட்டுக் கழுத்தில் மாட்டியதும் இல்லை.
பிழை என்றால் பிறக்கும்போதே இருக்க வேண்டும்,
அச்சுக்கும் தகட்டுக்கும் நடுவில்,
யாரும் பார்க்காத ஒரு நொடியில்.
இன்னொன்று: தேய்க்கக் கூடாது.
இரட்டை எழுத்து விழுந்த ஒரு சென்ட்டை
முதல் வருஷம் பற்பசை போட்டுப் பளபளப்பாக்கினேன்.
இருநூறு டாலர், வாய் கொப்பளித்த தண்ணீரோடு போயிற்று.

எமெட்டின் காசைத் தேய்க்கவில்லை.
சின்னதாக இருந்தது.
விளிம்பில் வரி இல்லை, செம்புக் கோடு இல்லை.
தலைவரின் பின்னல் பாதியில் நின்றது.
வருஷத்தின் அடிப்பாகம்
தகட்டுக்கு வெளியே எங்கோ விழுந்திருந்தது.
தபால் தராசில் ஐந்து கிராம்.
கால் டாலரின் முகம், ஐந்து சென்ட்டின் உடம்பு.
மெஷின் சரியாகத்தான் சொன்னது.

ஸ்ட்ரால் கடையில் மணி கட்டிய கதவு.
அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி
ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.
விலை குறைக்கப்போகிறவரின் மௌனம் எனக்குத் தெரியும்.
அறுபது என்றார்.
காசைத் திரும்ப எடுத்துப் பர்ஸில் போட்டேன்.
எண்பத்தைந்து என்றார்.
"எங்கே கிடைத்தது?"
"துணி துவைக்கிற இடத்தில்."

எண்பத்தைந்து.
ஏழாம் நம்பரில் இருபத்து நாலு சலவை,
மீதி ஒரு டாலருக்குக் காயவைக்கலாம்.
பஸ்ஸில் இதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.
போடாமல் இருந்திருக்கலாம்.
கொடுத்தவர் தெரிந்து கொடுக்கவில்லை,
வாங்கியவள் தெரிந்து வாங்கவில்லை,
விற்றவள்?
புது ஷூ வாங்கினேன். நடக்கும்போதெல்லாம் கீச்சிட்டது.

அடுத்த வியாழன், அவர் வருமுன்
ஏழாம் நம்பரில் பதினாலு காசு போட்டு வைத்தேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
அவர் வந்தார், பார்த்தார்,
சுற்றுமுற்றும் பார்த்தார்,
பொத்தானை அழுத்தினார்.
நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அதற்கடுத்த வியாழனும் அப்படியே.

மூன்றாம் வாரம் சின்ன வாளியோடு போனபோது
மெஷினின் நெற்றியில் ஒரு காகிதம், பட்டைக் கோடு நாடாவால் ஒட்டி:
"காசு போடாமலே ஓடுகிறது. பழுது.
முதலாளி நஷ்டப்படுவார், ஆள் கூப்பிடுங்கள்.
மூன்று தடவை ஓட்டினேன், அதற்கு இது."
மூடியின் மேல் ஒரு பழைய சாக்ஸ், துவைத்தது,
முடிச்சுப் போட்டு,
கனமாக.

நாற்பத்திரண்டு.
பழக்கதோஷம். விளக்கடியில் கொட்டினேன்.
பூ, தலை, விளிம்பு.
வரிகள் இருந்தன, செம்புக் கோடு இருந்தது,
வருஷங்கள் முழுசாக இருந்தன.
எல்லாம் அச்சுப் பிசகாதவை.
ஸ்ட்ரால் ஒன்றுக்கும் கால் டாலருக்கு மேல் தரமாட்டார்.

காகிதத்தை இன்னும் கிழிக்கவில்லை.
பழுது என்று படித்துவிட்டு
ஜனங்கள் எட்டாம் நம்பருக்குப் போகிறார்கள்.