எட்டுக்கு நாலு

இந்த ஆனியில் மட்டும் மூன்று பெரிய சாவு.
வண்ணார்பேட்டையில் என் கடை.
மெஷின் சூடு ஆறவில்லை.
கட்டினதை மேகாத்து கிழிக்கிறது,
கிழிந்ததை மறுபடி அடிக்கச் சொல்லி வருகிறார்கள்.
சாவுக்கும் ரெண்டாம் பதிப்பு உண்டு எங்கள் ஊரில்.

முதலில் முன்னாள் சேர்மன் பூலுடையார்.
இருபதுக்குப் பத்து, நாற்பத்தேழு பலகை.
கும்பிட்ட கை, வெள்ளைச் சட்டை,
கீழே முப்பத்தொரு தலைகள்
துக்கத்தில் சிரித்தபடி.
வட்டச் செயலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று
'அண்ணன் மூஞ்சியக் கொஞ்சம் சுருக்கும் வே,
என் கண்ணாடி மறையுது' என்றார்.
சுருக்கினேன்.
பதினாறு முடிந்ததும் அத்தனையும்
ஆட்டுக் கொட்டகைக்கும் நெல் மூடவும் போயிற்று.
அவர் கட்டின மார்க்கெட் இன்னும் ஒழுகுகிறது.
இது ஒழுகவில்லை என்கிறார்கள்.

பிறகு பாளையங்கோட்டை இஞ்ஞாசி மாஸ்டர்.
நாற்பது வருசம்
பந்துக்குப் பின்னால் பையன்களை ஓடவிட்டவர்.
கழுத்துக் கயிறு துருத்திக்கொண்டிருக்கிறதென்று
படத்தில் அழித்துவிட்டேன்.
ராத்திரி பதினோரு மணிக்கு ஷட்டரைத் தட்டினார்கள்.
ஒருவன் பேங்க் மேனேஜர், ஒருவன் ஆட்டோ.
'விசில் எங்க அண்ணாச்சி?'
அதைத் திரும்ப வரைய ஒன்றரை மணி நேரம்.
இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

மூன்றாவதுக்குப் படமே வரவில்லை.
இஷா முடிந்து மேலப்பாளையத்திலிருந்து நாலு பெண்கள்,
விரல் நுனியில் புகையிலை மணம்.
'மைமூன் லாத்தா மௌத்தாயிட்டாக.
எட்டுக்கு நாலு. படம் வேண்டாம்.'
முகத்துக்கான வட்டம் திரையில் காலியாகக் கிடந்தது.
ரோஜா வைத்தேன். வேண்டாம்.
பிறை வைத்தேன். 'அது எல்லாத்துக்கும் உள்ளது.'
விளக்கு, புறா, மேகத்துக்குப் போகும் படிக்கட்டு...
எனக்குத் தெரிந்த சாவெல்லாம் தீர்ந்துபோயின.

ஒருத்தி பைக்குள் கைவிட்டு
மேஜையில் டொக்கென்று வைத்தாள்.
அரைக்கிலோ எடைக்கல்.

ஏஜெண்டு கல்லுக்கு அடி குடைந்திருக்குமாம்.
பீடி இலை நிறுக்கையில்
லாத்தா தன் கல்லைத்தான் தட்டில் வைப்பாளாம்.
ரெண்டு தடவை இலை இல்லை என்று விரட்டினான்.
மூன்றாம் தடவை அவள் பின்னால் தெருவே நின்றது,
ஆளுக்கொரு கல்லோடு.

ஸ்கேனர் கண்ணாடியில் அதைக் கவிழ்த்தேன்.
மூடி மூடவில்லை, கறுப்புத் துணி போட்டேன்.
மெல்ல வந்தது திரையில்:
இரும்பு விளிம்பு, குழியில் ஈயம்,
ஈயத்தில் முத்திரைமேல் முத்திரை,
கடைசி முத்திரை போன வருசத்தது.
நாலடிக்குப் பெரிதாக்கினேன்.
'கீழ என்ன போட?'
நாலு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.
கம்பெனி வாசலில் அவள் பேசின மொத்தப் பேச்சும் அதுதானாம்:

அரைக்கிலோன்னா ஐந்நூறு கிராம்.

பத்தும் இருபதுமாக எண்ணி வைத்துப் போனார்கள்.
யாரும் அளந்து பார்க்கவில்லை.
யாரும் பார்ப்பதில்லை.
பதினாலு வருசமாக என் எட்டு ஏழே முக்கால்.
சேர்மனின் இருபது பத்தொன்பதரை.
மாஸ்டரிடமும் கால் அடி எடுத்தேன்,
அந்த விசிலுக்குப் பிறகும்.

பிளேடு வழக்கமான இடத்துக்குத் தானாகப் போனது.
எடுத்துவிட்டு டேப்பை இழுத்தேன்.
மறுபடி இழுத்தேன்.
வெட்டிப் பார்த்தால் ரெண்டு விரல் கூட.
அதையும் நறுக்கி எட்டாக்கினேன்.
கூடக் கொடுத்தாலும்
அவள் வாங்கியிருக்கமாட்டாள் என்று பட்டது.

காலையில் கவுன்சிலர் பேரனுக்குக் காதுகுத்து.
பத்துக்கு எட்டு.
பிளேடு ஒன்பதே முக்காலில் நிற்கிறது.
டீ ஆறிக்கொண்டிருக்கிறது.