பதினான்காம் இருக்கை

துலூத்தில், ஹாக்கி அரங்கின் பனித்தளத்தின் மேல்
பலகை அடுக்கி, மேசை போட்டு
தையல் மாநாடு.
மார்ச் மாதம். ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது.
குளிர் காலணியின் அடிவழியே ஏறி
முழங்காலில் வந்து உட்கார்ந்தது.

நுழைவுச் சீட்டு நாற்பது டாலர்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அது
ஒரு காலை நடையும் ஒரு மாலை நடையும்.

சட்டையில் குத்திய அட்டையில் என் பெயர், ஆர்டிஸ் லிண்ட்கிரென்.
அதன் கீழே ஒரு கேள்வி: என்ன தைப்பீர்கள்?
திருமண உடை, ஒட்டுப் போர்வை, நாய்க்கு மழைக்கோட்டு
என்றெல்லாம் எழுதியிருந்தார்கள்.
நான் 'நேராக' என்று எழுதினேன்.
திரைச்சீலை, தலையணை உறை, அவ்வளவுதான்.
வளைவு வந்தால் கை நடுங்கும்.
பேருந்தில் அப்படியில்லை.

சட்டைக்குக் கை வைக்கும் வகுப்பு.
நடத்தியவன் டோபின் ஆஹோ, வயது இருபத்துநான்கு.
முன்பல் ஒன்று இல்லை.
இதே அரங்கில்தான் போயிற்றாம்.
"கையோட வளைவு பெரிசு, தோளோட துளை சின்னது.
அளவு தப்பில்லை, அப்படித்தான் வெட்டணும்.
மிச்சத்தை மடிக்காதீங்க.
விரலால கொஞ்சம் கொஞ்சமா உள்ளே அனுப்புங்க."

என் சட்டைக் கை
சுருக்குப்பையின் வாய்போலச் சுருங்கியது.
பிரித்தேன். மறுபடி சுருங்கியது.
பக்கத்து மேசை வெர்னீஸ், தபால் போடுகிறவள்,
பிரிக்கும் முள்ளை என் பக்கம் தள்ளினாள்.
வீட்டில் அதை நான் இழுப்பறையின் அடியில் வைத்திருப்பேன்
யார் கண்ணிலும் படாமல்.
இங்கே ஆளாளுக்குப் பேனாபோலக்
காதில் செருகியிருந்தார்கள்.

ஐந்தாம் தடவை
தோள் தோளாக நின்றது.
பாடத்துக்கு ஒரு கைதான், மறு கைக்குத் துணி தரவில்லை.
அந்த ஒற்றைக் கைச் சட்டையை மாட்டிக்கொண்டே
காப்பி வாங்கப் போனேன்.
யாரும் சிரிக்கவில்லை.
மூன்று பேர் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள்.

மறுநாள் கடைகள்.
என் காரைவிட விலைகூடிய தையல் மெஷின்கள்,
அவற்றைச் சுற்றி மூச்சுவிடாமல் ஒரு கூட்டம்.
ஓரத்தில் ரஸ்ஸெல் டெஃபோ
கிழிந்த படகு இருக்கை ஒன்றை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.
மூன்றாம் பிறைபோல் வளைந்த ஊசி.
இந்தக் கரையில் ஒரு படி, அந்தக் கரையில் ஒரு படி,
இழுத்தார்.
ஏணி உள்ளே போய்விட்டது.
"நூல் தெரிஞ்சா கூலி கேக்க மாட்டேன்" என்றார்.

எனக்குச் சட்டென்று பதினான்காம் இருக்கை.
நவம்பரிலிருந்து கோல்பி
அதன் வயிற்றிலிருந்து ஸ்பாஞ்சைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான்.
டேப் ஒட்டினேன். டேப்பையும் பிய்த்தான்.
ஊசி மூன்று டாலர், நூல் ஆறு.

ஞாயிறு இரவு, பேருந்துக் கொட்டகை.
சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டு,
கைபேசி வெளிச்சத்தைப் பல்லில் கடித்து
மண்டியிட்டேன்.
ஒரு பக்க ரெக்சின் இழுபட்டு நீண்டிருந்தது.
வெட்டவில்லை.
மிச்சத்தை விரலால் உள்ளே அனுப்பினேன்,
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
இரண்டு தடவை பிரித்தேன்.
முள் என் காதில் இருந்தது.

திங்கள், ஏழு பத்து.
கண்ணாடியில் பார்த்தேன்.
அவன் விரல் வழக்கமான இடத்துக்குப் போனது,
தாண்டியது, திரும்பி வந்தது.
குனிந்து பார்த்தான்.
ஏரிக்கரைத் திருப்பம் வந்துவிட்டதால்
மிச்சத்தை நான் பார்க்கவில்லை.

புதன்வரை தேடினான்.
வியாழனன்று
பதினைந்தாம் இருக்கைக்கு மாறிவிட்டான்.

பரவாயில்லை.
நூல் நிறைய மீந்திருக்கிறது.