இனிப்பு நீர்

பகாவ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தண்ணி கலக்க ஆரம்பிப்பேன்.
இங்கே அப்படித்தான் சொல்வது.
தே, கோப்பி, மைலோ, சிராப், எதுவானாலும் தண்ணி.
செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்கள்
பையில் கட்டி வாங்கிப் போவார்கள்;
மோட்டார் சைக்கிள் கைப்பிடியில்
சிவப்பும் பழுப்புமாய் ஆடிக்கொண்டே போகும்.

பெயர் மறந்தாலும் ஆளுடைய இனிப்பு மறக்காது எனக்கு.
லாரி இருசப்பனுக்குப் பால் கூட, சீனியும் கூட.
தையல்கடை குணவதிக்கு ஐஸ் மைலோ,
மேலே இன்னொரு கரண்டித் தூள் கொட்டணும்.
கிளினிக் மிஸி நோர்ஹயாத்தி
சிராப் பண்டோங்கை உறிஞ்சிக்கொண்டே
என் தாளைப் பார்த்துச் சொன்னாள்:
பதினொன்று புள்ளி நாலு.

கிளினிக் சுவரில் தமிழ் நோட்டீஸ். இனிப்பு நீர், அறிகுறிகள்.
முப்பத்தோரு வருஷமாய் நான் விற்பதற்கும்
அதே பெயர்தானே என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவளுக்குத் தமிழ் தெரியாது.

மனைவி என்னை ஜூஸுக்கு மாற்றினாள். பழம்தானே என்றாள்.
ஐந்து ஆரஞ்சுக்கு ஒரு கிளாஸ்.
உரித்துத் தின்றால் மூன்றாவதிலேயே
தாடை போதும் என்றிருக்கும்.
குடிக்க ஒரே மடக்கு.
சக்கையெல்லாம் கோழிக்குப் போனது.
மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்ததில்
கோழி நன்றாக இருந்தது.

எதிர் வரிசையில் டயாலிசிஸ் சென்டர்.
செவ்வாய், வியாழன், சனி, வேன் வரும்.
பூபாலன் இறங்குவான், ஒரு காலும் ஒரு கம்புமாய்.
தமிழ்ப்பள்ளியில் என் பெஞ்சு.
இருவருக்கும் ஐம்பத்து மூன்று.
போஸ்ட் ஆபீசில் அவனை மட்டும்
முதியோர் வரிசைக்குக் கூப்பிடுகிறார்கள்;
அவனும் மறுப்பதில்லை, சீக்கிரம் முடியுதே என்கிறான்.

யாரிடமும் சொல்லாமல்
பால் டின்னைச் சாய்க்கும் கையைக் குறைத்தேன்.
மாதத்துக்கு அரைக் கரண்டி.
இருசப்பனுக்குத் தெரியவில்லை.
குணவதி, மைலோ இன்றைக்கு நல்லாயிருக்கு என்றாள்.

கண்டுபிடித்தவன் பூபாலன்.
அவன் எதையும் குடிப்பதில்லை, தண்ணீருக்கே அளவு.
நான் தரும் ஒற்றை ஐஸ் கட்டியை
வாயில் உருட்டிக்கொண்டு
பக்கத்து மேசைக் கிளாஸைப் பார்த்தான்.
"தே கறுத்திருக்கே."
கட்டி முழுதும் கரையும்வரை பேசவில்லை.
அப்புறம் கேட்டான்,
"எனக்கு ஏண்டா அவ்வளவு ஊத்துனே?"

நீதானே கேட்டாய் என்று சொல்லியிருக்கலாம்.
அது உண்மையும்கூட.

லாரியை நிறுத்தாமலே இருசப்பன் கத்தினான்,
"ஒரு தே, பால் கூட!"
டின்னை எடுத்தேன்.
பூபாலன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.