மூன்றாம் பெட்டி

ஜனவரியில் நரின் ஊரில்
குழாயைத் திறந்தால் முதலில் வருவது சத்தம்.
பிறகு துரு.
பிறகு, மனமிருந்தால், தண்ணீர்.
அந்தத் தண்ணீரில் கை கழுவக் கற்றுத்தர
பிஷ்கெக்கிலிருந்து ஒருத்தி வந்து இறங்கினாள்,
பனி மூடிய தோலோன் கணவாய் தாண்டி,
மடியில் ஒரு ஊதா விளக்கை
முட்டைக் கூடைபோல் அணைத்துக்கொண்டு.
பெயர் நுர்சுலு. என் மகளைவிட இரண்டு வயது இளையவள்.

பதினோரு பேர் வட்டமாக நின்றோம்.
உள்ளங்கைக்கு ஒரு சொட்டுக் களிம்பு.
"நன்றாகத் தேயுங்கள். எப்போதும்போலக் கழுவிவிட்டு வாருங்கள்."
எப்போதும்போல.
இருபத்திரண்டு வருடமாக இந்த வார்டில் நான் கழுவும் கை.

திரையை இழுத்தாள், விளக்கை ஏற்றினாள்.
கழுவாத இடமெல்லாம் பச்சையாய் எரிந்தது.
டாக்டர் எசென்குலுக்குக் கட்டைவிரல் இரண்டும்,
மோதிரத்தடியில் மெல்லியதாய் ஒரு வளையமும்.
"கல்யாணத்திலிருந்து கழற்றியதில்லை" என்று சிரித்தார்.
கூடச் சிரிக்க ஆளில்லை.
என் நகக்கண்கள் பத்தும்
விழித்து என்னையே பார்த்தன.

மறுநாள், எங்களுக்குச் சொல்லாமல்,
ஒரு பொம்மைக் குழந்தையின் தொடையில் மட்டும்
கண்ணுக்குத் தெரியாத மையைத் தடவி
நான்காம் கட்டிலில் கிடத்தியிருக்கிறாள்.
மாலையில் விளக்கின் பின்னால் நடந்தோம்,
திருடு போன வீட்டில் நடப்பதுபோல.

கதவின் கைப்பிடி.
சுவிட்ச்.
பதிவேட்டின் ஓரம், தாள் புரட்டும் மூலை.
தேநீர்க் கெட்டிலின் காது.
என் கைப்பேசி;
அது தொட்ட என் கன்னம்.
பிறகு, அந்தக் கோடியில்,
அன்றெல்லாம் அந்தப் பக்கமே போகவில்லை என்று
நாங்கள் சத்தியம் செய்த
ஆறாம் கட்டில்.

வாசலில் புருல்சுன் நின்றாள், வாளியோடு.
பயிற்சிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை;
தரை துடைப்பவர்களை யாரும் சேர்க்கவில்லை.
"இதையும் பாரம்மா" என்று துடைப்பத் தடியை நீட்டினாள்.
எரிந்தது.
அவள் அசரவில்லை.
"மூன்று அறைக்கு ஒரே வாளி.
எந்த அறைக்குப் பிறகு நான் தண்ணீரை மாற்றட்டும்?"
இரண்டு நாளில் எவரும் கேட்காத கேள்வி.
நுர்சுலு பதில் சொல்லவில்லை. குறித்துக்கொண்டாள்.

நான் அப்போது
அக்டோபரில் இருந்தேன்.
மூன்றாம் கண்ணாடிப்பெட்டி. ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிராம்.
பால் குடிக்கத் தொடங்கியிருந்தது,
பெயர்கூடத் தேர்ந்துவிட்டார்கள்.
ரத்தப் பரிசோதனைத் தாள் நான்கு நாள் தாமதமாக வந்தது.
அதில் கிருமியின் பெயர் இருந்தது.
கையின் பெயர் இல்லை.
விதி என்றோம். எழுதவில்லை, வாயால் மட்டும்.
நாற்பது கழிந்து அந்தத் தாய்
எண்ணெயில் பொரித்த போர்சோக் கொண்டுவந்தாள்,
"நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள்" என்றாள்.
இந்தக் கையை நீட்டித்தான் வாங்கினேன்.
இன்னும் சூடாக இருந்தது.

விளக்கு பிஷ்கெக் திரும்பிவிட்டது.
டாக்டரின் மோதிரம் சோப்புக்கு இறங்கவில்லை,
தட்டானிடம் போய் வெட்டிக்கொண்டார்;
விரலில் வெள்ளையாய் ஒரு தடம்.
அவர் மனைவி மூன்று நாள் பேசவில்லையாம்.
புருல்சுனுக்கு இரண்டாம் வாளி இன்னும் வரவில்லை.

இன்று எனக்கு இரவுப் பணி.
மூன்றாம் பெட்டியில் வேறொரு குழந்தை,
பெண், கொட்டாவி விடுகிறது.
ஸ்பிரிட் பட்டு விரல் வெடிப்பெல்லாம் எரிகிறது.
கட்டைவிரலைத் தனியாய்ப் பிடித்துத் திருகுகிறேன்,
நகத்தை உள்ளங்கையில் சுரண்டுகிறேன்,
பிறகு கையை விரித்து
ஜன்னலோரத்துப் பனி வெளிச்சத்தில் பார்க்கிறேன்.
ஒன்றும் தெரியவில்லை.
அன்றைக்கும்
ஒன்றும் தெரியவில்லை.

குழாயைத் திறக்கிறேன்.
முதலில் சத்தம்.