இச்சமன்பாட்டுக்கு ஒரு கதை எழுதுக

உலாங்கோம் விடுதியில் பத்து மணிக்கு விளக்கணைப்பார்கள்.
ஒன்பதே முக்காலுக்கும் என் நோட்டில் ஒரே வரிதான்:
3x + 40 = 19.
விடை காண்க. பிறகு, இச்சமன்பாட்டுக்கு ஒரு கதை எழுதுக.

விடை காண்பது பெரிய வித்தையில்லை.
நாற்பதை அந்தப் பக்கம் அனுப்பு,
வாசல் தாண்டும்போது குறி மாறும்.
பத்தொன்பதில் நாற்பது போனால்
கழித்தல் இருபத்தொன்று.
மூன்றால் வகு. கழித்தல் ஏழு.
x இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன்,
புதுச் செருப்பைக் காலில் போட்டுப் பார்ப்பதுபோல.
கடிக்கவில்லை.

கதைதான் வரவில்லை.
எங்கள் எழுத்தில் x என்று கிறுக்கினால்
அது 'ஹோனி'யின் முதல் எழுத்து.
ஹோனி என்றால் ஆடு.
எங்கள் வகுப்பில் எந்தக் கணக்கும் கடைசியில் ஆட்டில்தான் போய் நிற்கும்.
"கழித்தல் ஏழு ஆடு எந்தப் பட்டியில் மேயும்?
அதற்கு வால் முன்னாலா, பின்னாலா?"
சாப்பாட்டு வரிசையில் தெமூலென் கேட்டான்.
கரண்டி பிடித்த சமையல்காரிகூடச் சிரித்தாள்.
நான் எழுதினேன்: இதற்குக் கதை கிடையாது.
அடியில் கோடும் போட்டேன், ஸ்கேல் வைத்து.

மேல்கட்டிலில் தெர்கெல் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.
பென்சில் நகர்வது பலகை வழியாகக் கேட்டது.
பிப்ரவரியில் பத்து நாள் வராதவள்.
காய்ச்சல் என்றாள். நாங்களும் காய்ச்சல் என்றோம்.

"காட்டேன்."
நோட்டு இறங்கி வந்தது. கை மட்டும் தெரிந்தது.

மூன்று சகோதரர்கள்.
இலையுதிர் காலத்தில் வைக்கோல் வாங்கி
ஆளுக்கு ஏழு ஆடு கடன் சொன்னார்கள்.
பனியின் மேல் மழை பெய்து உறைந்தது.
புல் கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்கு எட்டவில்லை.
வசந்தம் வந்தபோது பட்டியில் ஒன்றும் இல்லை.
கடன் மட்டும் சாகவில்லை.
அவர்களுக்கு ஓர் அக்கா. அவளிடம் நாற்பது.
நான்கு வீட்டுக் கணக்கையும் அவள் ஒன்றாகச் சேர்த்தாள்.
இப்போது பத்தொன்பது.

பெயர் போடவில்லை.

போன மாதம் அவள் அம்மா வாசலில் வந்து நின்றாள்.
வழக்கமான காய்ந்த தயிர்க்கட்டி மூட்டை,
பாதிதான் இருந்தது.
ஏன் இவ்வளவு கொஞ்சம் என்று கேட்டது நான்தான்.
வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

விளக்கு அணைந்தது.
தடவித் தடவி ரப்பரைக் கண்டுபிடித்து
என் வரியை அழித்தேன்.
எழுத்து போயிருக்கும். ஸ்கேல் கோடு மட்டும்
தாளில் பள்ளமாக விரலுக்குத் தட்டியது.

"தெர்கெல், அந்தப் பத்தொன்பதில் சினை எத்தனை?"

வெகுநேரம் பலகை பேசவில்லை.
தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"பதினொன்று.
எழுதிவிடாதே, இன்னும் ஈனவில்லை."