வண்டிச் சத்தம்

துரைக்குத் தமிழ் தெரியாது.
எனக்குக் குதிரை தெரியாது.
எங்கள் இருவருக்கும் நடுவே
ஜட்கா நம்பர் இருநூற்றுப் பதினேழு,
வில்லாபுரம் பக்கீர் ராவுத்தர்,
சவுக்கில்லாத கையை
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

குற்றம் ஒன்று:
நாலு பேருக்கு உரிமம் வாங்கிய வண்டியில்
ஐந்து பேரை ஏற்றியது.
குற்றம் இரண்டு:
பொழுது சாய்ந்தபின் விளக்கில்லாமல் ஓட்டியது.
பார்த்தவர், எண்ணியவர், எழுதியவர்
ஏட்டு சங்கிலிமுத்து.

மொழிபெயர்க்க எனக்கு
மாதம் முப்பத்தைந்து ரூபாய்.
சேணம் வரைக்கும் சமாளித்தேன்.
வாயில் இருப்பது கடிவாளம்,
கையில் இருப்பது வார்,
ரெண்டுக்கும் நடுவில இருக்குறது
எம் பொழப்பு என்றார் ராவுத்தர்.
அதை நான் துரைக்குச் சொல்லவில்லை.

பின்பாரம் என்றார்.
துரை என்னைப் பார்த்தார்.
பின்னால் கனம் கூடினால்
ஏர்க்கால் மேலே தூக்கும்,
வயிற்றுப்பட்டை இறுகும்,
குதிரைக்குத் தரை நழுவும்.
ஏறினவரையெல்லாம்
முன்னுக்கு வாங்க, முன்னுக்கு வாங்க என்பது
மரியாதைக்கு இல்லை.
துரை ஏதோ எழுதிக்கொண்டார்.

ஏறும்போது எத்தனை பேர்?

நாலு, எசமான்.
கீழமாசி வீதியில ஏறுனாக.
பட்டுநூல்கார அம்மா துளசிபாய்,
மாமியா, நாத்தனா,
கூட ஒரு மருத்துவச்சி.

இறங்கும்போது?

அஞ்சு.

நடுவில் எங்கே நிறுத்தினாய்?

நிறுத்தலை.
ஆத்துப் பாலத்துல நடக்க விட்டேன்.
கீழ எறங்கி
குதிரை தலையப் புடிச்சுக்கிட்டு
மணலப் பாத்துக்கிட்டே நடந்தேன்.
திரும்பிப் பாக்கலை, எசமான்.
குதிரைக்குத்தான் கண்பட்டை கட்டியிருந்துச்சு.
எனக்கும் கட்டுன மாதிரிதான்.

ஐந்தாவது ஆள் எப்படி ஏறினான்?

பங்கா இழுப்பவன்
கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்தான்.

ஆம்பளை இல்லை, எசமான்.
ஏறவும் இல்லை.
வந்தா.

பிறகு, யாரும் கேட்காமலே,
பாரம் கூடலைங்க என்றார்.
யானைக்கல்லுல என்ன கனமோ
ஆஸ்பத்திரி வாசல்லயும் அதே கனம்.
கழுத்துமணி ஒரு தாளம் பிசகலை.
அஞ்சு பேருன்னு
ஏட்டையாவுக்குத்தான் தெரியும்.
எங் குதிரைக்குத் தெரியாது.

விளக்கு?

உள்ள கேட்டாக. கழத்திக் குடுத்தேன்.

ஏட்டு விடவில்லை.
ஐந்தாவது ஆளுக்குச் சத்தம் வாங்கினானா,
அதைக் கேளுங்கள் என்றார்.
கேட்டேன்.
ராவுத்தர் முதல்முறையாக
என்னை நேராகப் பார்த்தார்.

குடுத்துச்சு.
அக்கரை வரைக்கும் கேட்டுச்சு.

கோர்ட்டு சிரித்தது.
வாசலில் நுங்கு விற்றவள்
என்னவென்று தெரியாமல் சிரித்தாள்.
துரை மேசையைத் தட்டி
என்ன சொன்னான் என்றார்.

வாடகை என்றேன்.
பிறந்த பிள்ளையிடமா என்றார்.
இல்லை, இரைச்சல் என்றேன்.
அப்படியானால் வாடகை வாங்கவில்லையா?
வாங்கினார், இல்லை, வாங்கவில்லை,
அது காதுக்கு ஒரு சொல், மடிக்கு ஒரு சொல்,
ஆனால் ஒரே சொல்…
இரண்டில் ஒன்றைச் சொல் என்றார்.
நான் வாயைத் திறந்தபோது
சிரிப்பு அடங்கிப் போயிருந்தது.

தீர்ப்பு:
கூடுதல் ஆளுக்குத் தள்ளுபடி.
விளக்கில்லாததற்கு எட்டணா.
ராவுத்தர் எட்டணாவை
ஓரணா ஓரணாவாக எண்ணிக் கட்டினார்.
ஏட்டுக்கும் ஒரு கும்பிடு.

அன்று சாயங்காலம் மழை தூறியது.
கோர்ட்டு வாசலில் நின்ற வண்டி
அந்த ஒன்றுதான்.
வைக்கோல் மேல் விரித்த சமுக்காளத்தில்
புதிதாகச் சோடா உப்பு வாசம்.
வடக்குமாசி வீதிக்குச் சத்தம் என்ன என்று கேட்க வந்து
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

முன்னுக்கு வாங்க என்றார்.
ஒண்டி ஆளுக்கு என்ன பின்பாரம் என்றேன்.

மடியில காயிதக் கட்டு இருக்குல்ல,
அதுல நாங்க எத்தனை பேரோ.

நகர்ந்து உட்கார்ந்தேன்.